மண்டையோட்டுத் தோட்டத்துக்கு வந்த விசிட்

காலை எட்டு மணிக்கு வேலிப் படலைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தவுடன் படலைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். இடம் சுத்தமாக இருந்தது.

சாதாரண சுத்தமில்லை. பாதையின் இரண்டு பக்கமும் கல் அடுக்கி, ஒவ்வொரு கல்லுக்கும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். புல்லை ஒட்ட வெட்டியிருந்தார்கள். இடுப்பளவுக்கு வளர்ந்து கிடந்த பற்றைகள் எல்லாம் தேயிலையைப் போல ஒரே மட்டத்தில் கவ்வாத்து வெட்டப்பட்டு நின்றன. ஈரச் சுண்ணாம்பின் வாசனையும் வெட்டிய புல்லின் வாசனையும் சேர்ந்து அடித்தன. வாசலில் பெரிதாக ஒரு கோலம், நடுவில் செவ்வந்திப் பூ.

பத்து மணிக்கு நிலத்தைப் பரிசோதிக்க அதிகாரி வருகிறார். அவர் பார்க்கும்போது அது எவரும் கால் வைக்காத, எதற்கும் பயன்படாத, கைவிடப்பட்ட நிலமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் அது எங்களிடம் இருக்கும். இல்லாவிட்டால் சுற்றிக் கம்பி வேலி அடித்துப் பூட்டிவிடுவார்கள்.

யார் இதைச் செய்தது என்று கத்தினேன். தோட்ட ஆபீசில் முப்பது வருடம் குரலை உயர்த்தாமல் வேலை பார்த்தவன் நான். பழக்கமில்லாததால் கத்தல் பாதியில் கீச்சென்று போய்விட்டது. சிவனம்மாக்கா கையில் சுண்ணாம்பு வாளியோடு பழைய மின்கம்பி டவருக்குப் பின்னாலிருந்து வந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"நல்லாருக்குங்களா கிளாக்கரய்யா?" என்றார்.

குடை கிடைக்கவில்லை

போன வாரம் இந்தப் பத்தியில், நானுஓயா ஸ்டேஷனில் என் மாமனார் குடையைத் தொலைத்த கதையை எழுதியிருந்தேன். ராகலையிலிருந்து ஒரு வாசகர் போன் செய்து, குடை கிடைத்ததா என்று கேட்டார். கிடைக்கவில்லை. மாமனாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே அந்த விஷயத்தை இத்துடன் விட்டுவிடுவோம்.

இந்த வாரம் சொல்வது சில வருடங்களுக்கு முன் நடந்தது. நான் கிளாக்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஹட்டன் டவுனுக்கு மேலே ஒரு சின்ன வீட்டில் குடியிருக்கிறேன். என் வீட்டுக்கும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் நடுவில் ஒரு நிலம். அகலம் குறைவு, நீளம் அதிகம். ஒரு காலத்தில் வட்டவளைப் பக்கமிருந்து வந்த பெரிய மின்கம்பிகள் அதன் மேலாகப் போயின. பிறகு கம்பிகளை வேறு வழியாகத் திருப்பிவிட்டார்கள். கம்பியைக் கழற்றியவர்கள் ஒரு டவரை மட்டும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். ஏன் என்று கேட்டதற்கு, டவரைக் கழற்றுவது வேறு பிரிவின் வேலை என்றார்கள்.

நிலத்துக்குச் சொந்தமான ஆபீசின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்கள் நல்லவர்கள். எனக்கும் இந்த வயதில் வழக்கு, வாய்தா என்று அலைய முடியாது. ஆபீஸ் என்றே வைத்துக்கொள்வோம்.

டவரின் காலில் ஒரு தகரப் பலகை இருந்தது. ஒரு மண்டையோடு, அதன் கீழே பெருக்கல் குறிபோல இரண்டு எலும்பு, மூன்று மொழியிலும் அபாய எச்சரிக்கை. கம்பி இல்லாத டவரில் கரண்ட் இருக்காது என்று எவ்வளவு சொல்லியும் ஆட்கள் நம்பவில்லை. மிச்சக் கரண்ட் இரும்புக்குள் ஊறிக் கிடக்கும் என்றார் பெருமாள் கங்காணி. அவர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கி ஓய்வு பெற்றவர். தெரியாத விஷயமாக இருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்வார்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, எதற்கும் இருக்கட்டும் என்று மண்டையோட்டுக்குத் தேங்காய் உடைத்து, நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். அதோடு பயம் போய்விட்டது. இடத்துக்கும் பெயர் வந்துவிட்டது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் மண்டையோட்டுக்கு என்று பதில் வரும். ஊருக்குப் புதிதாக வந்த போஸ்ட்மேன் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

உட்கார ஓர் இடம்

மலை முழுக்கப் பச்சையாகக் கிடக்கிறதே, இங்கே உட்காரவா இடமில்லை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். இல்லை. பச்சையாகத் தெரிவதெல்லாம் தேயிலை. தேயிலை முடிகிற இடத்தில் லயம். லயத்துக்கு முன்னால் அழுக்குத் தண்ணீர் ஓடும் கான். கானைத் தாண்டினால் மறுபடி தேயிலை. ஒரு மனிதன் வேலை செய்யாமல் சும்மா இருப்பதற்கென்று அந்த மலையில் எவரும் ஓரடி நிலத்தைக்கூட ஒதுக்கி வைக்கவில்லை. அப்படி ஒரு தேவை எங்களுக்கு இருக்கும் என்பது எவருக்கும் தோன்றவேயில்லை.

சிவனம்மாக்கா நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஓய்வு கொடுத்து அனுப்பிய மறுநாள்தான், அந்த ஓய்வை எங்கே வைத்து எடுப்பது என்ற கேள்வி வந்தது. லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் மகன், மருமகள், மூன்று பிள்ளைகள். மகனுக்கு டவுன் ஹோட்டலில் இரவு வேலை. பகலில் அவன் தூங்க வேண்டும். அதனால் பகல் முழுக்க இவர் வெளியே. கோயிலைப் பதினொரு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். கடை வாசலில் உட்கார்ந்தால் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். ஆகவே பஸ் தரிப்பிடத்தில் போய் உட்கார்ந்திருப்பார். பஸ் வந்து நிற்கும், கண்டக்டர் ஏறச் சொல்வான், இவர் இல்லை என்று தலையாட்டுவார், அவன் திட்டிவிட்டுப் போவான். ஒரு நாளைக்கு இருபது பஸ்.

மண்டையோட்டு நிலத்தில்தான் அவர் முதன்முதலாக ஒரு பகல் முழுவதும் எவருக்கும் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். அதை அவரே என்னிடம் சொன்னார். அவரைப் பார்த்து இன்னொருவர் வந்தார், பிறகு நாலு பேர், பிறகு நாற்பது பேர். எல்லோருக்கும் அந்த நிலம் வேண்டும்தான். ஆனால் அது போனால் அந்த அக்கா மறுபடி இருபது பஸ்ஸுக்குத் தலையாட்ட வேண்டுமே என்பதுதான் என்னை உறுத்தியது.

சங்கம் ஒன்றை அமைத்தோம். கையெழுத்து நன்றாக இருப்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். எல்லோருமாகச் சேர்ந்து சீமெந்தில் ஒரு நீளமான பெஞ்சு கட்டினோம்.

டீச்சரின் காடு

காடு வந்தது தவமலர் டீச்சரால். யாழ்ப்பாணத்துக்காரர், பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். மண்டையோட்டு நிலத்தில் இந்த மலைக்கே உரிய செடிகளைத் திரும்ப வளர்க்க வேண்டும் என்று ஒருநாள் வந்து நின்றார். உன்னிச்செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு குறிஞ்சி இனத்து நெலு நட்டார், ஊதாப் பூப் பூக்கும் போவிட்டியா நட்டார், மரம் போல உயர்ந்து வளரும் பன்னம் நட்டார். அவர் போடும் விதிகள் எங்களுக்குப் பிடிபட நாளாயிற்று.

"இதுகள் களை இல்லை. இதுகள்தான் இந்த மண்ணின்ரை செடியள். ஒண்டையும் பிடுங்காதேங்கோ" என்று வாரத்துக்கு இரண்டு முறை சொல்வார்.

வாழ்நாள் முழுக்கத் தேயிலைக்கு நடுவே முளைத்ததை எல்லாம் களை என்று பிடுங்கியவர்களிடம் போய் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு கை தானாகப் போய் ஒரு புல்லைப் பிடுங்கிவிட்டு மடிக்குத் திரும்பிவிடும். பூத்து நின்ற போவிட்டியாவில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டே பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தாங்கள் கிள்ளுவது அவர்களுக்கே தெரியாது.

ஒருநாள் சிவனம்மாக்கா, தேயிலை இந்த மண்ணுடையதா என்று டீச்சரிடம் கேட்டார். இல்லை, அது வெளியிலிருந்து கொண்டுவந்தது என்றார் டீச்சர். முதலில் கோப்பி, அதற்கு இந்தியாவிலிருந்து உங்கள் ஆட்கள் வந்தார்கள், கோப்பி நோய்ப்பட்டு அழிந்த பிறகுதான் மலை முழுக்கத் தேயிலை என்று வரலாறும் சொன்னார்.

"அப்ப நாங்க தேயிலைக்கு மூத்தவங்க" என்று அக்கா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எத்தன வருஷம் இருந்தா டீச்சர் இந்த மண்ணோடதுன்னு சேத்துக்குவாங்க?" என்று கேட்டார்.

டீச்சர் யோசித்தார். பாடப் புத்தகத்தில் அப்படி ஒரு கணக்கு இல்லை என்று உண்மையைச் சொன்னார். அந்த வாரம் தானாக முளைத்திருந்த ஒரு தேயிலைக் கன்றை அவர் பிடுங்காமல் விட்டதை நான் கவனித்தேன்.

மூன்று வருடத்தில் இடம் நிஜமாகவே காடாகிவிட்டது. கொண்டைக்குருவிகள் வந்தன. மூக்கில் கொம்பு வைத்த ஓணான் ஒன்று வந்தது. ஒன்றும் செய்யாமல் கல்மேல் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்ததால் அதற்குச் சின்னதுரை என்று, தோட்டத்து உதவி மானேஜரின் பட்டத்தையே பெயராக வைத்தார்கள். டீச்சர் அதைப் படம் பிடிக்கும்போது பெருமாள் கங்காணி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு மரியாதையாக நிற்பார். கேலிக்குத்தான், ஆனாலும் நிற்பார்.

பயன்படுத்தாமல் பயன்படுத்துவது

இப்போது ஆபீஸ் தந்த அனுமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் கடதாசியோடு வாழ்ந்த எனக்கே அதை நாலு தரம் படிக்க வேண்டியிருந்தது.

பயன்படுத்தப்படாத நிலங்களை ஊர்ச் சங்கங்களிடம் ஒப்படைக்கலாம் என்று ஒரு விதி. ஒப்படைத்த நிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படாத நிலமாக இருக்க வேண்டும் என்று அடுத்த விதி. பயன்படுத்தினால் அது பயன்படுத்தப்படும் நிலங்களின் பட்டியலுக்குப் போய்விடும். அந்தப் பட்டியலில் உள்ள நிலத்தைச் சங்கங்களுக்குக் கொடுக்க விதியில்லை. ஆகவே பூட்டிவிடுவார்கள். பூட்டிய நிலம் சில வருடத்தில் பயன்படுத்தப்படாத நிலமாகிவிடும். அதன் பிறகு நாங்கள் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

இதை எழுதியவரை நேரில் பார்த்துக் கைகுலுக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

செடிகள் நட்டு இரண்டு வருடமானபோது முதல் பரிசோதனைக்கு வந்தவர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிக் காட்டைப் பார்த்தார், எழுதிக்கொண்டார், போய்விட்டார். டீச்சரின் காடுதான் எங்களைக் காப்பாற்றியது. நாட்டுச் செடிகள் நன்றாக வளர்ந்த இடம், தெரியாதவர் கண்ணுக்கு எவரும் சீண்டாத இடமாகவே தெரியும். அந்த முறை அவர் வருவதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் நான் செய்த பிழை, முன்கூட்டியே சொன்னது. புது அதிகாரி வருகிறார், இறங்கி நடந்து பார்ப்பவராம், ஒரு துரும்பையும் தொடாதீர்கள், பெஞ்சை மட்டும் மறைத்தால் போதும் என்று கூட்டம் போட்டுச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒன்றாகத் தலையாட்டினால் பயப்பட வேண்டும் என்பது ஒரு தோட்டத்துக் கிளாக்கருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆறு பூச்சட்டிகள்

நான் சின்னவனாக இருந்தபோது வருடத்துக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து தோட்டத்தைப் பார்வையிட ஒரு பெரிய துரை வருவார். விசிட் என்றால் அதுதான் விசிட். ஒரு வாரத்துக்கு முன்பே தோட்டத்துக்குக் காய்ச்சல் பிடித்துவிடும். ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு. கானை உள்ளே இறங்கித் தேய்ப்பார்கள். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளை ஒரே நாளில் இரண்டு முறை குளிப்பாட்டுவார்கள். ஆடுகளை மலைக்கு அந்தப் பக்கம் ஓட்டிவிடுவார்கள்.

தோட்ட வேலையை மேற்பார்க்கும் எங்கள் கண்டாக்கையா ஆறு பூச்சட்டிகள் வைத்திருந்தார். துரை முதல் டிவிஷனைப் பார்த்துவிட்டு ரோட்டு வழியாக அடுத்த டிவிஷனுக்கு நடக்கும்போது, ஆறு பேர் அந்தச் சட்டிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் ஓடி, அவருக்கு முன்னால் போய் வைத்துவிடுவார்கள். இப்படி நாலு டிவிஷன். இந்தத் தோட்டத்தில் எல்லா டிவிஷனிலும் பூ நன்றாக வளர்க்கிறார்கள் என்று துரை புத்தகத்தில் எழுதிவிட்டுப் போவார்.

அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் அந்த ஓட்டம் உடம்புக்குள் இறங்கிவிட்டது. வெளியிலிருந்து ஒருவர் கையில் புத்தகத்தோடு வருகிறார் என்றால், இடம் அழுக்காக இருப்பது எங்களுக்கு அவமானம். அந்த இடம் எங்களுடையதாக இல்லாவிட்டாலும் அவமானம்.

ஆளுக்கு ஒரு கை

சுண்ணாம்பு வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஏனக்கா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"கெட்டுக் கெடக்கணும்னு நீங்க சொன்னது ஞாபகம் இருக்குங்க. நான் கோலம் மட்டுந்தான் போட வந்தேன்" என்றார்.

ஆபீசர் வருகிற இடத்தில் கோலம்கூட இல்லாமல் எப்படி என்று முந்தின நாள் மத்தியானம் வந்திருக்கிறார். கோலம் போட இடம் வேண்டுமென்று கொஞ்சம் புல்லை வெட்டியிருக்கிறார். வெட்டிய இடம் மட்டும் தனியாகத் தெரிகிறதே என்று இன்னொருவர் பக்கத்துப் புல்லையும் வெட்டியிருக்கிறார். புல் போனதும் பற்றைகள் ஏறுக்குமாறாகத் தெரிந்திருக்கின்றன. பெருமாள் கங்காணி கவ்வாத்துக் கத்தியோடு வந்துவிட்டார். மாலைக்குள் நாற்பது பேரும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் சொல்லாமல், ஆளுக்கு ஒரு கை பார்த்திருக்கிறார்கள். மண்டையோட்டைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவிப் புதிதாகக் குங்குமம் வைத்திருந்தார்கள்.

அந்த நேரத்தில் டீச்சர் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குனிந்து, வெட்டிக் கிடந்த போவிட்டியாக் கிளை ஒன்றை எடுத்தார். அதில் நாலு ஊதாப் பூக்கள் வாடாமல் இருந்தன.

"மூண்டு வருஷம்" என்றார்.  கண் நிறைந்துவிட்டது.

அதுவரை பெருமையாக நின்ற நாற்பது முகங்களும் ஒரேயடியாக விழுந்துவிட்டன. எனக்கும் தாங்கவில்லை. சிவனம்மாக்காதான் ஓடிப்போய் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடுங்கியதில் ஒன்றையும் வீசவில்லை, வேரோடு மண்ணோடு எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறோம், வெட்டியது கவ்வாத்துத்தான், கவ்வாத்து வெட்டினால் முன்னைவிடத் துளிர்க்கும் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். டவருக்குப் பின்னால் உண்மையிலேயே சாக்குகள் வரிசையாக இருந்தன. எந்தச் சாக்கில் எந்தச் செடி என்று பிரித்தும் வைத்திருந்தார்கள்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மணியைப் பார்த்தார். ஒன்றேகால் மணித்தியாலம் இருந்தது.

கோணலாக நடுவது எப்படி

ஒரு நிலத்தை ஒன்றேகால் மணித்தியாலத்தில் கைவிடுவது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றுதான் தெரிந்தது.

கோலத்தை அழிக்க எவரும் முன்வரவில்லை. நானே காலால் அழித்தேன், பாவம் என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். சுண்ணாம்புக் கற்களை வெள்ளை தெரியாமல் கவிழ்த்துப் போடச் சொன்னேன். கவிழ்த்தார்கள், அடியிலும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். செய்வதைத் திருந்தச் செய்கிறவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

லயத்திலிருந்து கொஞ்சம் குப்பை கொண்டுவரச் சொன்னேன். அரை மணி நேரமாக எவரையும் காணவில்லை. பிறகு வந்தார்கள். பிளாஸ்டிக் போத்தல்களை எல்லாம் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஆபீசர் பார்க்கிற குப்பை அழுக்காக இருக்கலாமா என்பது அவர்களுடைய நியாயம். அதைப் போத்தல் தனி, கடதாசி தனி என்று இரண்டு குவியலாக அடுக்கிவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

செடி நடுவதுதான் உச்சம். காட்டில் இருந்ததுபோல அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோணலாக நட வேண்டும் என்று டீச்சர் கெஞ்சினார். சரி என்று இறங்கினார்கள். அவ்வளவு வேகமாக எவரும் செடி நட்டு நான் பார்த்ததில்லை. நிமிர்ந்து பார்த்தால் நெலுவும் பன்னமும் நூல் பிடித்த மாதிரி நேர் வரிசையில், சம இடைவெளியில் நின்றன. பிடுங்கி மறுபடி நட்டார்கள். மறுபடி நேராக வந்தது. பெருமாள் கங்காணி வரிசைக்கு வரிசை நடந்து, அது நேராக இருக்கிறது, கோணல் ஆக்கு என்று அதட்டினார். கடைசியில் எல்லாச் செடியும் ஒரே அளவுக்கு, ஒரே பக்கமாகக் கோணியிருந்தன.

சிவனம்மாக்கா கையில் ஒரு பன்னத்தோடு என்னிடம் வந்தார். "வர மாட்டேங்குதுங்க. கை நேராவே போகுது" என்றார்.  தன் கையாலேயே நிலம் போகப் போகிறது என்று அவர் நினைத்துவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பெஞ்சின் மேல் உன்னிக் கிளைகளைப் போட்டு மூடினோம். ஜீப் சத்தம் கேட்டது.

எவருமில்லை

எல்லோரையும் ஒளிந்துகொள்ளச் சொல்லியிருந்தேன். ஜீப் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் பழக்கதோஷம் இழுத்துவிட்டது. நாற்பது பேரும் மறைவிலிருந்து வெளியே வந்து, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்பதுபோல இரண்டு வரிசையாக நின்றுவிட்டார்கள்.

அதிகாரி சிங்களவர், நடுத்தர வயது, அமைதியான முகம். சளி பிடித்திருந்தது. கையில் படிவம். அவர் ஒரு சுற்று நடந்தார். கவ்வாத்து வெட்டிய காட்டைப் பார்த்தார். ஒரே பக்கமாகக் கோணி நின்ற பன்னங்களைப் பார்த்தார். குப்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். பொட்டு வைத்த மண்டையோட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒரு பெருமூச்சோடு உன்னிக் கிளைகளை ஒதுக்கிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் அவர் கையில் இஞ்சி போட்ட பிளேன்டீ ஒன்று இருந்தது. யார் கொடுத்தது என்று இன்றுவரை எவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

கேள்விகளைச் சிங்களத்தில் வாசித்தார். நான் மொழிபெயர்த்தேன். எச்சரிக்கைப் பலகை நல்ல நிலையில் உள்ளதா? மிக நல்ல நிலை என்று அவரே எழுதிக்கொண்டார். இருக்கைகள், கட்டுமானங்கள் உண்டா? பெஞ்சில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தார். பிறகு அவரே இல்லை என்று எழுதினார்.

அடுத்த கேள்வி, நிலத்தில் ஆட்களின் பயன்பாடு உண்டா என்பது. நான் அதை மொழிபெயர்த்தேன். வாழ்நாளில் நான் ஒரு படிவத்தில் பொய் எழுதியதில்லை. முன்னால் நாற்பது பேர் மூச்சுக் காட்டாமல் நிற்கிறார்கள். இல்லை என்று எப்படிச் சொல்வது?

சிவனம்மாக்கா வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்தார்.

"இங்க யாருமே இல்லைங்க சேர்" என்றார்.

அதிகாரி தலையை நிமிர்த்தி முதல் வரிசையைப் பார்த்தார். இரண்டாவது வரிசையைப் பார்த்தார். பிறகு தெரிந்த தமிழில், "அப்ப இவங்க?" என்று கேட்டார்.

அக்கா திரும்பி நாற்பது பேரையும் நிதானமாகப் பார்த்தார். "யாருங்க சேர்?" என்றார்.

எங்கோ ஒரு கொண்டைக்குருவி கத்தியது. அதிகாரி என்னைப் பார்க்கவில்லை. குனிந்து எழுதினார், எழுதி முடித்துக் கையெழுத்திட்டார், நகலைக் கிழித்து என்னிடம் தந்தார். எழும்போது சிங்களத்தில் ஒன்று சொன்னார். பயன்படுத்தாத நிலங்களை நிறையப் பார்த்திருக்கிறாராம், ஆனால் இவ்வளவு அக்கறையாகப் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் நிலத்தை எங்கும் பார்த்ததில்லையாம். கிளாஸை அவரே பெஞ்சில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நகலைத் தமிழில் உரக்கப் படித்தேன். இருக்கைகள் எதுவுமில்லை. நிலத்தில் ஆட்கள் எவருமில்லை. நிலம் சங்கத்தின் பொறுப்பிலேயே தொடரலாம். மலை அதிரக் கைதட்டினார்கள். டீச்சர் சிரித்தபடி அழுதார். பெருமாள் கங்காணி டவரின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

சிவனம்மாக்கா மட்டும் என் பக்கத்திலேயே நின்றார். அந்த எவருமில்லை என்று வருகிற இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். எழுத்து எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி, அதன்மேல் விரலை வைத்தார். சுண்ணாம்பில் வெடித்த விரல்.

"எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஒரு கடுதாசி வந்துச்சுங்க" என்றார். "பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போட்டிருந்தாரு. இந்த நாட்டு ஆளுன்னு சேத்துக்க முடியாதுன்னு. அப்பவும் கிளாக்கரய்யாதான் படிச்சுக் காட்டினாரு, உங்களுக்கு முந்தி இருந்தவரு. லயத்து வாசல்ல நின்னு அப்பா அழுதாரு."

கைதட்டல் ஓய்ந்துபோயிற்று.  நான் நகலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அக்கா அதிகாரி குடித்த கிளாஸை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் கழுவப் போனார்.

அன்று இருட்டும்வரை ஒருவரும் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை.